ஒரு சிவப்புக் கட்டைக்கு மூன்று எண்: லெகோ ரசிகர் காப்பகங்களை எடைபோட்டால்

எட்டுக் குமிழ் கொண்ட சாதாரண 2×4 லெகோ பொம்மைக் கட்டையின் வார்ப்பு எண் 3001. கட்டைகளின் எண்ணையும் நிறத்தையும் தொகுத்து வைக்கும் ரசிகர்களின் இணையக் காப்பகங்கள் எதற்கும் இதில் தகராறு இல்லை. சிவப்பு என்றதும் தகராறு ஆரம்பம். லெகோ நிறுவனத்தின் சொந்தப் பட்டியலில் சிவப்பு 21. பாகங்கள் விற்கும் சந்தையான பிரிக்லிங்கில் 5. கட்டைகளைக் கணினியில் முப்பரிமாணமாக அடுக்க உதவும் எல்டிராவிலும், பாகப் பட்டியல்களின் தளமான ரீபிரிக்கபிளிலும் 4. பிரிக்லிங்கில் குறித்து வைத்த 5-ஐ அப்படியே எல்டிரா கோப்பில் போட்டால் சிவப்புக் கோட்டை அடர் இளஞ்சிவப்பாக எழும்பி நிற்கும். பிரிக்லிங்கின் கறுப்பு 11; எல்டிராவில் அதே 11 வெளிர் நீலப்பச்சை. 1 என்றால் லெகோவுக்கும் பிரிக்லிங்குக்கும் வெள்ளை, மற்ற இரண்டுக்கும் நீலம்.

அதனால் இந்தக் காப்பகங்களை எத்தனை படம் இருக்கிறது, பக்கம் எவ்வளவு அழகு என்று பார்த்து மதிப்பிடுவதில் பயனில்லை. உள்ளே இருப்பதை எவ்வளவு சுலபமாக வெளியே எடுத்து இன்னோர் இடத்தில் பயன்படுத்த முடிகிறது என்பதுதான் இங்கே அளவுகோல். எந்த ஒரு தளமும் தனியாகப் போதாது. பழைய செட் ஒன்றை, அதாவது ஒரே பெட்டியாக விற்ற கட்டைத் தொகுப்பை, மீட்டெடுக்கக் குறைந்தது மூன்று வேண்டும். தளங்களின் பெயர்களில் 'பிரிக்' நிரம்பி வழிவதற்கும் காரணம் உண்டு. தன் பெயரை ரசிகர்கள் இணைய முகவரியில் சேர்க்கக் கூடாது என்பது லெகோவின் விதி.

ரீபிரிக்கபிள்

2011-இல் தொடங்கிய தளம். 'கையில் இருக்கும் கட்டைகளை வைத்து வேறு என்ன கட்டலாம்?' என்ற கேள்விக்காக உருவானது. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. ஆனால் முதலிடம் தரக் காரணம் அதுவல்ல. தன் தரவுத்தளம் முழுவதையும் சி.எஸ்.வி. என்ற எளிய அட்டவணைக் கோப்புகளாகத் தினமும் புதுப்பித்து, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. செட்கள், பாகங்கள், நிறங்கள், கருப்பொருள்கள், மினிஃபிக்குகள் என்ற சிறு மனித உருவங்கள், எந்தச் செட்டில் எந்தப் பாகம் எத்தனை என எல்லாம் தனித்தனி அட்டவணைகள். நாளைக்கே தளம் இல்லாமல் போனாலும் இறக்கி வைத்த பிரதிகள் ஆயிரம் இடங்களில் இருக்கும். காப்பகம் என்ற சொல்லுக்கு இதுதான் தகுதி.

இறக்கியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் நான்கு.

ஒரு செட்டின் பாகப் பட்டியலை எடுத்தால் அதில் மினிஃபிக் தலையும் உடலும் கால்களும் இருக்காது. மினிஃபிக்குகளுக்குத் தனிப் பட்டியல். செட்டிலிருந்து மினிஃபிக்குக்கும், மினிஃபிக்கிலிருந்து அதன் பாகங்களுக்கும் இன்னொரு சுற்று இணைக்க வேண்டும். இதைச் செய்யாதவரின் கோட்டையில் வீரர்களே இருக்க மாட்டார்கள். அடுத்தது, ஒரே செட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புப் பட்டியல்கள் இருக்கலாம். பதிப்பு எண்ணைக் கவனிக்காமல் செட் எண்ணை மட்டும் வைத்து இணைத்தால் பாகங்கள் இரட்டிப்பாகும். பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தால் காரணம் இதுதான், கணக்கு மென்பொருளைத் திட்ட வேண்டாம்.

மூன்றாவது, உதிரி. 1×1 தட்டு (கட்டையைவிடத் தட்டையான பாகம்), சின்னக் கைப்பிடி போன்ற சிறு பாகங்களை லெகோ ஒன்றிரண்டு கூடுதலாகப் போடும். அவை 'உதிரி' என்ற நெடுவரிசையில் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். அதை வடிகட்டாமல் 'காணாமல்போனவை' பட்டியல் போட்டால் தேவையே இல்லாத பாகத்தைத் தேடி அலைவீர்கள். நான்காவது அற்பமானது, ஆனால் அடிக்கடி நடப்பது. செட் எண்கள் '-1' என்று முடியும். ஒரே எண் வேறு செட்டுக்கும் பயன்பட்டிருந்தால் பிரித்துக் காட்டுவதற்காக. எக்செல் போன்ற மென்பொருளில் நேரடியாகத் திறந்தால் ஒன்றிரண்டு இலக்கச் செட் எண்ணைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். பாக எண்ணும் செட் எண்ணும் உள்ள நெடுவரிசைகளை 'உரை' என்று குறித்தபின் இறக்குமதி செய்ய வேண்டும்.

பாகங்களுக்கு இடையிலான உறவுகளுக்கென்று தனி அட்டவணை ஒன்று உண்டு. இது மேலே படம் அச்சிட்ட வடிவம், இது வார்ப்பு மாறியது, இது மாற்றாகப் பயன்படும், இது இன்னொன்றின் உட்பாகம் என்று ஒவ்வொரு உறவுக்கும் ஓர் எழுத்து. இதன் அருமை நடு ஒற்றைக் குமிழ் கொண்ட 1×2 தட்டில் தெரியும். பள்ளம் இல்லாத பழைய வடிவம் 3794-ஏ; பள்ளம் உள்ளது 3794-பி; அடியில் குமிழைப் பிடிக்கும் வசதியுடன் வந்த புதியது 15573. மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றேதான். 'என்ன கட்டலாம்' தேடலில் வார்ப்பு வேறுபாட்டைப் புறக்கணிக்கும் தெரிவு இருக்கிறது. விளையாட்டுக்குக் கட்டுபவர் அதை இயக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் கையில் இருக்கும் பாகத்தையே 'இல்லை' என்று சொல்லும். பழைய செட்டை அந்தக் காலத்துப் பாகங்களோடு மீட்பவர் அதை அணைத்துவிட வேண்டும்.

குறை என்று பார்த்தால், அட்டவணையில் இருக்கும் திரை நிறங்கள். அவை திரைக்கு மட்டுமே. அதை வைத்துக் கையில் இருக்கும் பாகத்தின் நிறத்தைத் தீர்மானிப்பது வீண் வேலை.

பிரிக்லிங்க்

2000-இல் தனியொரு ரசிகர் தொடங்கிய சந்தை. 2013-இல் கைமாறி, 2019 நவம்பரில் லெகோ குழுமமே வாங்குவதாக அறிவித்தது. பாகம் வாங்கும் இடம் என்றுதான் பலருக்குத் தெரியும். ஆனால் சந்தைக்காக எழுப்பப்பட்ட பட்டியல்தான் இதன் சொத்து. விற்பவரும் வாங்குபவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று உறுதி செய்ய வேண்டிய கட்டாயம் இருப்பதால் வார்ப்பு வேறுபாடுகளை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்த இடம் வேறில்லை. மினிஃபிக் தலை ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குமிழ் மூடியிருந்ததா, உள்ளே அடைப்பு இருந்ததா, குழியாக இருந்ததா என்பதைப் பொறுத்து 3626-ஏ, பி, சி என்று மூன்று.

ஒரு செட்டின் பட்டியலில் பாகங்கள் வகைபிரித்திருக்கும். வழக்கமானவை, கூடுதல், மாற்று, இணைப்பாகம். கடைசி இரண்டைப் புரிந்துகொள்ளாமல் மொத்தத்தையும் கூட்டுவதுதான் புதியவர்களின் பிழை. 'மாற்று' என்றால் சில பெட்டிகளில் இதற்குப் பதில் அது வந்தது என்று பொருள், இரண்டும் வேண்டியதில்லை. 'இணைப்பாகம்' என்பது ஒட்டுப்படம் ஒட்டிய ஓடு (மேலே குமிழ் இல்லாத தட்டு) போல, பட்டியலில் இருக்கும் பொருள்களையே சேர்த்து உருவாவது.

காணாமல்போன பாகங்களைத் திரட்ட நம்பகமான வழி ரீபிரிக்கபிளையும் பிரிக்லிங்கையும் சேர்த்து ஓட்டுவதே. ரீபிரிக்கபிளில் செட்டைச் சேர்த்து, இல்லாத பாகங்களைத் 'தொலைந்தவை' என்று குறியுங்கள். அந்தப் பட்டியலைப் பிரிக்லிங்க் படிக்கும் எக்ஸ்.எம்.எல். என்ற எழுத்துக் கோப்பு வடிவில் ஏற்றுமதி செய்து, பிரிக்லிங்கின் தேவைப் பட்டியலில் பதிவேற்றுங்கள். நிற எண்களின் மொழிபெயர்ப்பை ஏற்றுமதியே பார்த்துக்கொள்ளும். அதன்பிறகு செய்ய வேண்டிய ஒன்றைத்தான் யாரும் செய்வதில்லை: இரு பக்கத்திலும் வரிகளின் எண்ணிக்கையும் பாகங்களின் கூட்டுத்தொகையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிரிக்லிங்கில் இணை எண் இல்லாத பாகம், பெரும்பாலும் அச்சிட்ட பாகம், வழியில் உதிர்ந்துவிடும்.

அச்சிட்டவை உதிர்வதற்குக் காரணம் பெயரிடும் முறை. அடிப்படை எண்ணோடு பிரிக்லிங்க் 'பிபி' என்று சேர்த்து வரிசை எண் போடும். அச்சுக்கும் ஒட்டுப்படத்துக்கும் ஒரே முறை. ரீபிரிக்கபிள் 'பிஆர்' என்று சேர்க்கும். வரிசை எண்கள் தனித்தனியாக வளர்ந்தவை, ஆகவே ஒன்றில் 0001 என்பது மற்றதிலும் 0001 என்று நம்பக் கூடாது. மினிஃபிக்குகளிலும் இதே கதைதான். பிரிக்லிங்கில் கருப்பொருளின் எழுத்துகளோடு தொடங்கும் எண், ரீபிரிக்கபிளில் 'ஃபிக்' என்று தொடங்கும் ஆறிலக்க எண். இவற்றைப் படம் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

கையால் எக்ஸ்.எம்.எல். எழுதுவோருக்கு ஓர் எச்சரிக்கை. நிற வரியை விட்டுவிட்டால் பிழைச்செய்தி வராது. 'எந்த நிறமானாலும் சரி' என்று எடுத்துக்கொள்ளும். இருபது 1×2 தட்டுகள் (3023) இருபது நிறத்தில் கடைகளோடு பொருந்தி வரும்.

விலை வழிகாட்டி கடந்த ஆறு மாத விற்பனையையும் இப்போது கடையில் இருப்பதையும் புதியது, பழையது எனப் பிரித்துக் காட்டுகிறது. முதலாவதை நம்பலாம். இரண்டாவது கேட்கும் விலை மட்டுமே.

நிறுவனத்தின் கைக்குப் போனபின் ரசிகர் காப்பகம் என்று இதை அழைக்கலாமா? பட்டியலை வளர்ப்பது இன்னமும் உறுப்பினர்கள்தான். ஆனால் 2023 நவம்பரில் பாதுகாப்புச் சிக்கலால் தளம் சில நாட்கள் முழுவதுமாக மூடிக்கிடந்தபோது, பட்டியலை வெளியே எடுத்து வைக்காதவர்களுக்கு வேறு வழியே இல்லாமல் போனது. உறுப்பினர்கள் பட்டியலை இறக்கிக்கொள்ளும் பக்கம் இருக்கிறது. பாகமும் நிறமும் சேர்ந்த லெகோ உறுப்பு எண்களின் பட்டியலும் அங்கேதான் கிடைக்கும். அந்த எண்களின் பழைய வடிவம் அழகு: 3001-ஓடு 21 சேர்ந்து 300121, அதாவது சிவப்பு 2×4. பின்னாளில் வந்த ஏழிலக்க எண்களில் அந்தத் தர்க்கம் கிடையாது.

எல்டிரா

இருப்பதில் மூத்தது, என் கணக்கில் மிக ஒழுங்கானது. 1995-இல் ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெசிமன் டாஸ் கணினிக்காக எழுதிய நிரல்; 1997-இல் அவர் இறந்தபின் ரசிகர்கள் தூக்கிச் சுமக்கிறார்கள். மற்றவை பாகத்தின் பெயரைக் காக்கின்றன. இது வடிவத்தைக் காக்கிறது.

கோப்பு வெறும் எழுத்து. ஒரு பாகத்தை வைக்க ஒரு வரி போதும்:

1 4 0 0 0 1 0 0 0 1 0 0 0 1 3001.dat

முதல் 1, 'இது பாகத்தைக் குறிக்கும் வரி' என்று சொல்கிறது. 4 சிவப்பு. அடுத்த மூன்றும் இடம். அதற்கடுத்த ஒன்பதும் திருப்பம். இங்கே திருப்பம் இல்லை. கடைசியில் பாகத்தின் கோப்பு. ஓர் அலகு 0.4 மில்லிமீட்டர். குமிழ் இடைவெளி 20 அலகு, கட்டையின் உயரம் 24, தட்டின் உயரம் 8. மூன்று தட்டு ஒரு கட்டை என்ற பாலபாடம் எண்ணிலேயே தெரிகிறது. மேலே ஒரு கட்டை வைக்க இரண்டாவது இட எண்ணை −24 ஆக்க வேண்டும். இங்கே மேல்நோக்கிப் போவது கழித்தல். 24 என்று போட்டால் கட்டை தரைக்குக் கீழே போய்விடும். முதல் நாள் எல்லோரும் புதைப்பார்கள்.

நிறம் 16 என்றால் 'என்னை அழைத்தவரின் நிறம்' என்று பொருள். துணைமாதிரி ஒன்றை ஒருமுறை எழுதி, நான்கு நிறத்தில் நான்கு முறை வைக்க இது உதவும். 16-க்குப் பதில் 4 என்று எழுதி வைத்தால் எங்கே வைத்தாலும் சிவப்புத்தான்.

இந்தக் காப்பகத்தை உயர்த்திப் பிடிக்கக் காரணமான வழக்கம் ஒன்று உண்டு. ஒரு பாகத்துக்கு வேறு எண் கொடுக்க நேர்ந்தால் பழைய கோப்பை அழிப்பதில்லை. 'இங்கிருந்து இன்ன எண்ணுக்குப் போய்விட்டது' என்ற குறிப்போடு, புதிய கோப்பைச் சுட்டும்படி விட்டுவைக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய மாதிரிக் கோப்பு இன்றும் திறக்கிறது. மற்ற தளங்கள் எண்ணை மாற்றியதும் பழைய இணைப்புகள் அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பு தெரியும்.

விலையும் உண்டு. ஒவ்வொரு பாகமும் சரிபார்ப்புக்குப் பிறகே அதிகாரபூர்வ நூலகத்தில் சேரும், எனவே புதிய பாகங்கள் தாமதமாகத்தான் வரும். அதிகாரபூர்வமற்ற பாகங்களின் தொகுப்பைத் தனியாக இறக்கிக்கொண்டால் இடைவெளி ஓரளவு நிரம்பும். கோப்பை வேறொருவருக்கு அனுப்பும்போது அந்தப் பாகங்களையும் உள்ளே பொதிந்து அனுப்பாவிட்டால், அவர் திரையில் அந்த இடங்கள் வெற்றாக இருக்கும்.

மினிஃபிக்கில் இன்னொரு குழப்பம். பிரிக்லிங்கில் உடலும் கைகளும் சேர்ந்து ஒரே பொருள், ஏனென்றால் அப்படித்தான் விற்கிறார்கள். எல்டிராவில் உடல் 973, வலது கை 3818, இடது கை 3819, உள்ளங்கை 3820, இடுப்பு 3815, கால்கள் 3816, 3817. கையைத் தூக்கவும் காலை மடக்கவும் தனித்தனியாக இருந்தாக வேண்டும். எல்டிரா கோப்பிலிருந்து வாங்கும் பட்டியல் எடுத்தால் இவை சிதறி வரும். திரும்பவும் சேர்த்து எழுத வேண்டும்.

முப்பரிமாண அச்சுக்கு இந்தக் கோப்புகளை நேரே அனுப்பாதீர்கள். 1×1 கட்டை இங்கே சரியாக 8 மில்லிமீட்டர் அகலம், உண்மையில் 7.8. பக்கத்துக் கட்டையோடு உரசாமல் இருக்க விட்ட அந்தச் சிறு இடைவெளி கோப்பில் இல்லை.

பிரிக்செட்

1997 முதல் இருக்கிறது. செட் பற்றிய தகவலுக்கு வேகமான இடம்: ஆண்டு, கருப்பொருள், மினிஃபிக்குகள், சொந்தச் சேகரிப்பின் கணக்கு. பாகங்களின் நிறத்தை லெகோவின் சொந்தப் பெயர்களிலேயே தருவது நிறுவனத்திடம் பாகம் கேட்பவருக்கு வசதி. பழைய செட்களின் பாகப் பட்டியலுக்கு ரீபிரிக்கபிள், பிரிக்லிங்க் இரண்டிடம்தான் போக வேண்டும்.

மீட்பில் உண்மையான சிக்கல்: சாம்பல்

2004-இல் லெகோ தன் வெளிர் சாம்பல், அடர் சாம்பல், பழுப்பு மூன்றையும் மாற்றியது. பழையவற்றுக்குப் பிரிக்லிங்கில் 9, 10, 8, புதிய நீலச்சாயல் சாம்பல்களுக்கு 86, 85, செம்பழுப்புக்கு 88. எல்டிராவில் பழையவை 7, 8, 6. புதியவை 71, 72, 70. 1979-இல் வந்த கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர் போன்ற சாம்பலும் நீலமுமான விண்கலத்தில் புதிய சாம்பல் நான்கு தட்டு கலந்தாலே தேமல் போலத் தெரியும். வெறும் 'சாம்பல்' என்று எழுதி யாரிடமும் கேட்காதீர்கள், எண்ணை எழுதுங்கள்.

கையில் இருப்பது எது என்று பார்க்க, விளக்கொளியில் அல்லாமல் பகல் வெளிச்சத்தில், ஆண்டு உறுதியாகத் தெரிந்த பாகம் ஒன்றின் பக்கத்தில் வைக்க வேண்டும். வெயில் பட்டு மஞ்சளித்த புதிய சாம்பல் பழையது போலவே ஏமாற்றும். அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள், அங்கே வெயில் பட்டிருக்காது.

இதே விண்கலம் அமெரிக்காவில் 497, ஐரோப்பாவில் 928. ஓர் எண்ணில் தேடி எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் மற்றதிலும் தேடிப் பார்க்க வேண்டும். 2022-இல் வந்த மறுபிறவியின் எண் 10497. தேடலில் இரண்டும் சேர்ந்து வரும், பாகங்கள் முற்றிலும் வேறு.

கையேட்டுப் பிரதிகளும் காணாமல்போன இடங்களும்

1996-க்குப் பிந்தைய, கட்டும் முறையைக் காட்டும் கையேடுகளை லெகோ தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. அதற்கு முந்தையவைதான் ரசிகர்களின் ஸ்கேன்களை நம்பி இருக்கின்றன. பிரிக்ஷெல்ஃப், பீரான் என்ற ரசிகர் தளங்கள் இரண்டும் இதில் செய்த வேலை பெரிது. பீரான் இப்போது புதுப்பிக்கப்படுவதில்லை. பிரிக்ஷெல்ஃப் 2007 ஜூலையில் மூடப்போவதாக அறிவித்து, பிறகு திரும்பி வந்தது. ரசிகர்கள் தங்கள் படைப்புகளை அடுக்கி வைத்த மாக்பேஜஸ் மூடியேவிட்டது. இந்த மூன்றிலும் பொதுவான பலவீனம் ஒன்றே: மொத்தமாக இறக்கிக்கொள்ள வழி வைக்கவில்லை. ஒவ்வொரு படமாகக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பிரிக்ஷெல்ஃபில் கோப்புறைக்குள் கோப்புறையாகக் கிடக்கும் படங்களுக்குப் பாக எண்ணோ செட் எண்ணோ கட்டாயம் இல்லை. பெயர் வைத்தவரின் மனநிலையைப் பொறுத்தது.

பழைய கையேட்டு ஸ்கேனின் தரம் ஏன் முக்கியம் என்றால், 1980-களின் கையேடுகளில் இந்தப் படிக்கு இன்ன பாகம் என்று ஓரத்தில் கட்டம் போட்டுக் காட்டுவதில்லை. முந்தைய படத்துக்கும் இந்தப் படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கண்ணால் பிடிக்க வேண்டும். சிறிதாகச் சுருக்கிய ஸ்கேனில் 1×2 தட்டும் 1×2 ஓடும் ஒன்றாகவே தெரியும். கறுப்புக் கோட்டை என்றால் சொல்லவே வேண்டாம், கோடுகளே மறைந்துவிடும்.

நீங்களே ஸ்கேன் செய்வதானால் அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் (டி.பி.ஐ.) குறையாமல், இழப்பில்லாத வடிவில் மூலப் பிரதி ஒன்று. பகிர்வதற்குச் சுருக்கிய பிரதி வேறு. அச்சுப் புள்ளிகளால் எழும் அலைக்கோலத்தைக் குறைக்கும் தெரிவை ஸ்கேனரில் இயக்குங்கள், ஆனால் கூர்மைப்படுத்தும் தெரிவை அணையுங்கள். இரண்டும் சேர்ந்தால் குமிழ்களின் விளிம்பு கிழிந்தது போல வரும். முதுகில் இருக்கும் கம்பியைக் கழற்ற மனமில்லை என்றால், நடுமடிப்பு கண்ணாடியில் படியும்படி ஒரே அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். மடிப்பின் நிழலில் ஒரு நெடுவரிசைக் குமிழ் காணாமல் போனால் அந்தப் படியே பயனற்றது. பின்னட்டையையும் எடுங்கள். கோப்பின் பெயரில் '-1' உட்பட முழுச் செட் எண், பிறகு பக்க எண் மூன்று இலக்கத்தில். இரண்டாம் பக்கத்தை வெறும் 2 என்று போட்டால் சில மென்பொருள்கள் அதை 19-க்குப் பின்னால் தள்ளிவிடும்.